அனுமதிக்கப்பட்ட உயரம்

வளையம் இடதுபுறம் சாய்ந்திருந்தது. நிமிர்த்திப் பிடித்து ஒரு வெல்டிங் வைத்தால் முடிந்துவிடும். வெல்டர் தன் பட்டறையில் அதைவிடச் சிக்கலான வேலைகளை, வாங்கி வைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிப்பவர். ஆனால் மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடக்கூடாது என்று நினைக்கிறவர் அவர். அதனால் கேட்கப் போனார்.

நல்ல பழக்கத்திலிருந்து பிறந்த தவறு அது. தவறென்று கண்டுகொள்ள அவருக்கு நெடுநாள் ஆயிற்று.

பெண்கள் கூடைப்பந்துக் கழகம் என்று பெயர்தான் பெரிது. ஒரு மண் தரை, ஒரு வளையம், காற்று நிற்காத சில பந்துகள், சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் பெண்கள், அவ்வளவுதான். வெல்டர் அதற்குப் பயிற்சியாளர் ஆனது மகளால். தெருவில் எல்லோரும் அவளை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள். அதிகம் பேசமாட்டாள். பந்து கையில் இருக்கும்போது பேசவேண்டிய அவசியமும் அவளுக்கு இருந்ததில்லை. இந்த வருடம்தான் அவளுக்குக் கடைசி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். வருடக் கடைசியில் நடக்கும் போட்டியில்தான் மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதற்குள் வளையம் நிமிர வேண்டும்.

நகராட்சி அலுவலகத்தில் ஜன்னலின் பேச்சுத்துளை இடுப்பு உயரத்தில் இருந்தது. பேசுகிறவர் குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே மேம்பாட்டு அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வளையத்தை நிமித்தணும் சார். செலவெல்லாம் எங்களோடது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அலுவலர் பேனாவை மூடி வைத்தார்.

"சரின்னு சொல்ற திட்டம் எங்ககிட்ட இல்லீங்களே. மேம்பாட்டுத் திட்டம்தான் இருக்கு. எங்ககிட்ட எதுவும் வாங்காம நீங்களா ஒரு வேலை செஞ்சா, அது எந்தத் தலைப்புல வரும்?"

"தலைப்பெல்லாம் வேணாம் சார்."

"தலைப்பு இல்லாத வேலையை நான் பார்த்ததா எழுத முடியாது. நான் பார்க்கலைன்னா அது நடக்கலை. நடக்காத வேலைக்கு எதுக்கு அனுமதி?"

குனிந்திருந்த வெல்டருக்கு முதுகு வலித்தது. இதில் எங்கோ ஒரு பிழை இருப்பதாகத் தோன்றியது. ஆனால் குனிந்த நிலையில் அதைத் தேட முடியவில்லை. வெளியே வந்தபோது அவர் நகராட்சியின் விளையாட்டு மேம்பாட்டுத் திட்டத்தின் பயனாளி ஆகியிருந்தார்.

"ஒரு வார்த்தை கேக்கப் போனீங்க," என்றாள் மனைவி. "வண்டி வச்சு இறக்கற மாதிரி என்னத்தையோ வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"நல்லதுதானே. புதுக் கம்பம், புது வளையமெல்லாம் தர்றாங்களாம்."

"எப்ப?"

அதை அவர் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருந்தார்.

அலுவலர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். இனி வளையத்தை யாரும் தொடக்கூடாது. அந்தச் சாய்வுதான் ஆரம்ப நிலை. ஆரம்ப நிலை கெட்டுப்போனால் முன்னேற்றத்தை எங்கிருந்து அளப்பது? வெல்டர் தினமும் சாயங்காலம் அந்த வளையத்தின் கீழே நின்று மேலே பார்த்தார். கை நமநமத்தது. பல் வலிக்கிறவனிடம் பல்லைத் தொடாதே என்று சொன்னதுபோல் இருந்தது.

பார்வையிட அலுவலர் வந்தார். கூடவே ஓர் எழுத்தர், அலுவலக நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். நாற்காலி போடப்பட்டது. பெண்கள் ஆடினார்கள். நெட்டை அந்தச் சாய்வோடு வளர்ந்தவள். எங்கிருந்து எறிந்தால் சாய்ந்த வளையத்தில் விழும் என்று அவளுக்குத் தெரியும். எறிந்ததெல்லாம் விழுந்தது. வெல்டர் பெருமையாக அலுவலர் முகத்தைப் பார்த்தார். அது சுருங்கிக்கொண்டே போனது.

"இவங்கதான் மேம்பட வேண்டியவங்களா?"

"ஆமா சார். நல்லா ஆடுறாங்கல்ல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இவ்வளவு நல்லா ஆடுறவங்களை எப்படி மேம்படுத்தறது? குளிச்சுட்டு வந்தவனுக்கு எதுக்குச் சோப்புன்னு மேலிடத்துல கேப்பாங்க."

"அப்ப திட்டம் வேணாம் சார். நாங்களே நிமித்திக்கறோம்."

அலுவலர் பெருமூச்சு விட்டார். "தேவையில்லாம விண்ணப்பிச்சிருக்கீங்கன்னா அது பொய்த் தகவல். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, மூணாவது மாடியில." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "அவங்கல்லாம் நம்மள மாதிரி இல்லீங்க."

பிறகு எழுந்து, வெல்டரின் தோளில் கைபோட்டு, மைதானத்தின் ஓரமாக அழைத்துப் போய் அறிவுரை சொன்னார். "திறமை இல்லாமலும் இருக்கக்கூடாது. இல்லாத திறமையை வளர்க்க நாங்க மந்திரவாதி இல்லை. திறமை இருக்கணும், வெளியில தெரியக்கூடாது. உள்ள புதைஞ்சு கிடக்கணும். தோண்டி எடுக்கறது எங்க வேலை. புரியுதுங்களா? அடுத்த தடவை வர்றேன்."

அன்றிலிருந்து வெல்டர், பந்தை வெளியே போடக் கற்றுக்கொடுத்தார்.

முதல் நாள் பெண்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போவதுதான் கஷ்டம். திறமை இருந்தும் தவறுவதாக அது தெரிய வேண்டும். அணியிலேயே சின்னவள் பொடிசு. அவள் இதுவரை ஒரு பந்தைக்கூட உள்ளே போட்டதில்லை. வெளியே போடச் சொன்னதும் அவள் எறிந்ததெல்லாம் உள்ளே விழ ஆரம்பித்தது.

வெல்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். "என்னம்மா பண்றே?"

"சத்தியமா வெளியதான் போட்டேன் மாமா," என்று அவள் அழுதாள்.

அவர் வாழ்க்கையில் முதன்முறையாக, பந்தை உள்ளே போட்டதற்காக ஒரு குழந்தைக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டாவது பார்வையிடலில் எல்லாரும் ஒழுங்காகத் தவறவிட்டார்கள். பொடிசு அன்று காய்ச்சல் என்று வீட்டில் இருக்க வைக்கப்பட்டிருந்தாள். கடைசியில் நெட்டை வந்தாள். எறிய வேண்டிய இடத்தில் நின்றாள். பந்தைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள். எறியவில்லை. பிறகு அவள் பந்தைத் தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல் மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்து போனாள்.

அலுவலர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "தன்னம்பிக்கைக் குறைவு," என்று எழுத்தரிடம் கிசுகிசுத்தார். "அருமை. எழுதிக்குங்க."

வீட்டில் நெட்டை அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. பேச வேண்டியது தீர்ந்துபோனதுபோல் நிறுத்தினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சாப்பிடும்போது அவள் கையையே பார்ப்பார். முன்பெல்லாம் தட்டின் ஓரத்தில் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும். இப்போது சும்மா கிடந்தன.

"வளையம் வந்தா எல்லாம் சரியாப்போயிடும்," என்றார் ஒருநாள், யாரிடமும் இல்லாமல்.

"வளையமா சாஞ்சு கிடக்கு இப்ப?" என்றாள் மனைவி.

வளையம் வந்தது. புதுக் கம்பம், புதுப் பலகை. பலகையில் நகராட்சியின் பெயர். எறியும்போது கண் பதிய வேண்டிய இடத்தில் நகராட்சித் தலைவரின் படம் ஒட்டியிருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அலுவலர் பதறியபடி பட்டறைக்கே வந்துவிட்டார்.

"முதல் பந்தைத் தலைவர்தான் போடறாரு. அவருக்குத் தோள்வலி. நம்ம எழுத்தர் அவர் உயரம்தான். அவரை வச்சுப் பார்த்துட்டேன். எட்ட மாட்டேங்குது. விழா வரைக்கும் கொஞ்சம் இறக்கிக் குடுங்க."

வெல்டர் கம்பத்தை அறுத்துப் பலகையை இறக்கினார். எழுத்தர் எறிந்தார், விழவில்லை. இன்னும் இறக்கினார். எழுத்தர் எறிந்தார். பந்து அலுவலர் மேல் விழுந்தது. இப்படியே இறக்கி இறக்கி, முதலில் இருந்ததைவிட ஆள் இடுப்பளவு கீழே வந்த பிறகு ஒரு பந்து உள்ளே போனது. எழுத்தர் நின்ற இடத்திலேயே குதித்தார். பிறந்ததிலிருந்து அவர் நாற்காலிதான் தூக்கியிருக்கிறார்போல.

"சார், இன்னொரு தடவை போடட்டுமா?"

"இது அலுவலக நேரம்," என்றார் அலுவலர்.

அந்த முழுத் திட்டத்திலும் மேம்பட்டவர் எழுத்தர் ஒருவர்தான். ஆனால் அவர் பெயர் எங்கும் இல்லை.

விழாவில் தலைவர் பேசினார். "பல பேரு என்னைக் கேக்கறாங்க, நிர்வாகம்னா என்னன்னு. இந்தச் சின்னப் பிள்ளைங்களால உயரத்துக்கு வர முடியலையா? அப்ப உயரத்தை அவங்ககிட்டக் கொண்டு வர்றதுதாங்க நிர்வாகம்!" கைதட்டல் ஓய்ந்ததும் பந்தைப் போட்டார். விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். படம் எடுத்தார்கள்.

அவர் வண்டி கிளம்பிப் போனதும் நெட்டை வளையத்தின் கீழே வந்து நின்றாள். குதிக்காமல், கையை உயர்த்தி, அலமாரியில் டப்பா வைப்பதுபோல் பந்தை உள்ளே வைத்தாள். அது கீழே விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே வெல்டர் சாமான்களோடு வந்து ஏணியைச் சாத்தி ஏறினார். அலுவலரும் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ.

"என்னங்க பண்றீங்க?"

"விழா முடிஞ்சுதே சார். பழைய உயரத்துக்கு ஏத்திடறேன். போட்டி எல்லாம் அந்த உயரத்துலதான்."

"எந்தப் பழைய உயரம்? தலைவர் பந்து போட்ட படம் வெளியாயிடுச்சு. படத்துல இருக்கறதுதான் அனுமதிக்கப்பட்ட உயரம். இப்ப நீங்க ஏத்தினா என்ன அர்த்தம்? தலைவர் தாழ்ந்த வளையத்துல போட்டாருன்னு அர்த்தம்." அலுவலர் ஏணியருகே வந்து, அண்ணாந்து அவர் கண்ணைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. வளையம் தாழ்வாவா இருந்துச்சு?"

வெல்டர் ஏணியில் பாதியில் நின்றார். அவர்தான் இறக்கியவர். ஆம் என்றால் இறக்கிய குற்றம் அவர் கையில், இல்லை என்றால் ஏற்றக் காரணமே இல்லை. மேலேயும் போக முடியவில்லை. கீழே இறங்கவும் கால் வரவில்லை. அப்படி எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. கீழே வந்தபோது அலுவலர் போயிருந்தார்.

வீட்டில் போய் நடந்ததைச் சொன்னார். நெட்டை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வளையத்தைத் தொடக்கூடாதுன்னாரா?"

"ஆமா."

"தரையைத் தொடக்கூடாதுன்னாரா?"

வெல்டருக்குப் புரியவில்லை. நெட்டை திரும்பினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் விரல்கள் தரையில் ஒருமுறை தட்டின.

"அம்மா," என்றாள், "கடப்பாரை எங்கே இருக்கு?"

தோண்டினார்கள். கம்பம் நின்ற மேட்டை மட்டும் விட்டுவிட்டு, வளையத்தின் கீழே இருந்த தரையை இடுப்பளவு ஆழத்துக்கு எடுத்தார்கள். பெண்கள், அவர்களின் அம்மாக்கள், பொடிசின் அப்பா என்று எல்லாரும் மண் சுமந்தார்கள். அடித்தரையைத் தண்ணீர் தெளித்து, கட்டையால் தட்டி இறுக்கினார்கள். நெட்டை பள்ளத்தில் இறங்கி நின்று மேலே பார்த்தாள். வளையம் இருக்க வேண்டிய தூரத்தில் இருந்தது. எறிந்தாள். விளிம்பில் பட்டு வெளியே போனது. பழக்கதோஷம். மறுபடியும் எறிந்தாள். மறுபடியும். சாயங்காலங்கள் போகப் போக பழைய குறி திரும்பி வந்தது. தெருவில் போகிறவர்களுக்குப் பள்ளத்திலிருந்து பாதி உடம்புகளும் பந்தும் மட்டும் மேலே எழும்புவது தெரியும்.

அலுவலர் வந்து விளிம்பில் நின்று அளந்தார். வளையம் அசையவில்லை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாததால் அவர் முகம் வாடிப்போனது. பிறகு குனிந்து பார்த்தார், பிரகாசமானார்.

"பொது இடத்துல பள்ளம் இருக்கே. யாராவது விழுந்தா?"

"நாங்க இறங்கித்தான் போறோம் சார். விழறதில்லை."

"நீங்க விழலை. ஆனா விழலாம்ல?" அவர் அதைப் பொறியியல் பிரிவுக்கு எழுதினார். பொறியியல் பிரிவு நகராட்சியிலேயே வேகமானது. அதனிடம் கேட்டால் எதுவும் வராது. கேட்காவிட்டால் உடனே வரும்.

போட்டிக்கு முந்தின நாள் மதியம், கடைசிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது வேலி வந்தது. உயரமான இரும்புச் சட்டங்கள், கை மட்டும் நுழையும் அளவு கண்களுள்ள கம்பிவலை, மேலே உள்நோக்கி வளைந்த முள். ஓர் இளம் வெல்டர் சட்டங்களைப் பள்ளத்தின் ஓரம் நட்டு ஒன்றோடொன்று பற்றவைக்கத் தொடங்கினான். நம் வெல்டர் உள்ளிருந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் பற்றவைப்பை நடுவில் நிறுத்தச் சொன்னால் இணைப்பு கெட்டுவிடும். ஒரு வெல்டர் இன்னொரு வெல்டரை வேலை நடுவில் கூப்பிடமாட்டான். அதனால் ஒரு பக்கம் முடிந்து அவன் முகமூடியைத் தூக்கியபோதுதான் கேட்டார்.

"கதவு எந்தப் பக்கம் தம்பி?"

"அடுத்த பக்கம்ணே."

அடுத்த பக்கம் முடிந்தது. "இந்தப் பக்கமும் இல்லையே?"

"அடுத்ததுல இருக்கும்ணே. ஆர்டர்ல பார்க்கணும்."

பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய பற்றவைப்பு சீராக, மீன் செதில் அடுக்கியதுபோல் விழுந்தது. நல்ல கை என்று வெல்டர் நினைத்துக்கொண்டார். கடைசிப் பக்கமும் மூடியது. இளம் வெல்டர் ஆர்டரை எடுத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, கதவு எழுதலை."

"உள்ள ஆள் இருக்கோமேப்பா!"

"சுத்தி அடைக்கணும்னுதான் போட்டிருக்கு. உள்ள யாருன்னு போடலை."

வெல்டரின் சாமான்கள் எல்லாம் பட்டறையில் இருந்தன. பொடிசு நெட்டையின் தோளில் ஏறிப் பார்த்தாள். முள்ளுக்கு வெகு கீழே அவள் கை நின்றது. மனைவி செய்தி கேட்டு ஓடிவந்தாள். வலையில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். திட்டுவதற்கு வாய் திறந்து, மகளைப் பார்த்து மூடிக்கொண்டாள். ரொட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக வலை வழியே நீட்டினாள்.

அலுவலர் வந்தார்.

"கதவா? கதவுங்கறது ஒரு மேம்பாடு. புதுசா விண்ணப்பிக்கணும்."

"குடுங்க சார், இப்பவே எழுதித் தர்றேன்."

"அந்தப் படிவத்தை ஆபீசுக்கு நேர்ல வந்துதான் வாங்கிக்கணும்."

நெட்டை பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு பள்ளத்தின் நடுவில் நின்றாள். அவள் கேட்கவில்லை. வெல்டருக்கு அவள் கேட்காதது கேட்டது: நாளைக்குக் காலையில போட்டி, அப்பா.

அலுவலரோ வலையை விட்டு விலகி நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. "உறைவிடப் பயிற்சி முகாம்! இந்த வட்டாரத்துலேயே முதல் தடவை. பிள்ளைங்க பயிற்சியை விட்டு வெளியவே வர மாட்டேங்கறாங்க. தலைவர் இன்னிக்குச் சாயங்காலமே வந்து பார்ப்பாரு." தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். மறுபடி தலையைச் சாய்த்தார். ஒளி குறைந்தது.

"ஒரு சிக்கல். தலைவர் இங்க நின்னா, படத்துல அவர் தலைக்கு மேல வளையம் தெரியும். தலைவருக்கு மேல எதுவும் தெரியக்கூடாது. கொஞ்சம் இறக்கிடுங்க."

வெல்டர் நிமிர்ந்தார். "அனுமதிக்கப்பட்ட உயரம், தொடக்கூடாதுன்னீங்களே சார்?"

"ஏத்தக்கூடாதுன்னுதான் சொன்னேன். இறக்கறதுக்கு என்னிக்கு நாங்க ஆட்சேபிச்சிருக்கோம்?"

"என்கிட்ட கட்டர் இல்லையே சார்."

அலுவலர் இளம் வெல்டரின் பக்கம் கையைச் சொடுக்கினார். "தம்பி, உன் கட்டரை உள்ள குடு. சீக்கிரம். தலைவர் கிளம்பிட்டாரு."

இளம் வெல்டர் கேஸ் கட்டரை வலையின் கண் வழியாக நுழைத்தான். குழாய் பாம்புபோல் பின்னால் ஊர்ந்து வந்தது. தன் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தான். இரண்டு வெல்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவன் போய் சிலிண்டரைத் திறந்துவிட்டு, வானத்தில் எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பற்றவைத்தார். சுடர் மஞ்சளாகச் சீறி, அவர் திருகத் திருக நீலமாக ஒடுங்கியது. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நெட்டை மட்டும் அசையவில்லை. அவர் அவளைக் கடந்து போனார். அவள் விரல்கள் பந்தின் மேல் தட்ட ஆரம்பித்தன.

அவர் வேலியை நோக்கி நடந்தார்.

"என்னங்க, எங்க வர்றீங்க?" அலுவலர் கத்தினார். "வளையம் அந்தப் பக்கம் இருக்கு!"

"தெரியும் சார்," என்றார் வெல்டர். "கதவு இந்தப் பக்கம்."